அமைதிப்படை ஆண்டுகளின் கோப்புகளைத் திறந்துவிடுங்கள்: வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர் எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கு,

வணக்கம். 1983 முதல் 1990 வரை இலங்கை விவகாரத்தில் பிரதமருக்கும் அவருடைய ஆலோசகர்களுக்கும் இடையே டெல்லியில் நடந்த பேச்சுகளின் குறிப்புகளை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். இதை உங்களிடம் கேட்பதற்கு நீங்கள் இன்றைய அமைச்சர் என்பது மட்டும் காரணமல்ல. 1988 முதல் 1990 வரை கொழும்புத் தூதரகத்தில் முதல் செயலாளராகவும் 1987 ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் அரசியல் ஆலோசகராகவும் இருந்தவர் நீங்கள். அந்தக் கோப்புகள் சிலவற்றில் உங்கள் கையெழுத்தே இருக்கக்கூடும்.

என்ன முடிவு எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அச்சில் இருக்கிறது. அதோடு பரிமாறிய கடிதங்களும் இருக்கின்றன. எதை நம்பி, யார் சொல்லைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை.

இந்திரா காந்தி இலங்கையோடு பேசும் பொறுப்பை மூத்த தூதர் ஜி. பார்த்தசாரதியிடம் கொடுத்தார். ஜெயவர்தனேவோடு பலமுறை பேசி, 'அனெக்சர் சி' என்று இன்றும் பேசப்படும் யோசனைகளை 1983 இறுதியில் உருவாக்கியவர் அவர். மாகாண அளவில் அதிகாரப் பகிர்வு என்பது அப்போதே மேசைக்கு வந்துவிட்டது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே பார்த்தசாரதி ஓரங்கட்டப்பட்டு, வெளியுறவுச் செயலாளர் ரமேஷ் பண்டாரி முன்னுக்கு வந்தார். பூட்டானின் திம்புவில் இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையே பேச்சு நடந்தது, முறிந்தது. ஏன் ஆளை மாற்றினார்கள்? ஆளோடு சேர்ந்து கொள்கையும் மாறியதா? பார்த்தசாரதி போகும்போது புதிய பிரதமரை எச்சரித்தாரா? இந்தக் கேள்விகளுக்கு நாற்பது ஆண்டுகளாக ஊகங்களே பதிலாக இருக்கின்றன.

அப்புறம் பண்டாரிக்குப் பின் வெளியுறவுச் செயலாளராக வந்த ஏ.பி. வெங்கடேஸ்வரன். 1987 ஜனவரியில் ஒரு செய்தியாளர் சந்திப்பில், விரைவில் புதிய வெளியுறவுச் செயலாளர் வருவார் என்று பிரதமர் சொன்னார். பதவியில் இருந்த செயலாளர் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார். அன்றே ராஜினாமா செய்தார். ஒப்பந்தத்துக்கு ஆறே மாதம் இருந்த நேரம் அது. மாற்றுக் கருத்து சொல்லக்கூடிய மூத்த அதிகாரி ஒருவர் இப்படி வெளியேறியபிறகு, அந்த அறையில் 'வேண்டாம்' என்று சொல்ல யார் மிச்சமிருந்தார்கள்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. புலிகளோடு மோத நேர்ந்தால் சில வாரங்களில் அடக்கிவிடலாம் என்று ராணுவத் தளபதி சுந்தர்ஜி பிரதமரிடம் உறுதி சொன்னதாக, அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதினார். அது ஒரு தரப்பின் நினைவு. சுந்தர்ஜி இன்று இல்லை, தீட்சித்தும் இல்லை. அந்தக் கூட்டத்தில் குறிப்பு எடுக்கப்பட்டிருந்தால், இனி அந்தத் தாள்தான் சாட்சி.

1987 அக்டோபரின் முதல் வாரத்தைப் பாருங்கள். புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 பேரை இலங்கைக் கடற்படை பிடித்து யாழ்ப்பாணத்தின் பலாலி ராணுவத் தளத்தில் வைத்திருந்தது. விசாரணைக்குக் கொழும்பு கொண்டுபோக இலங்கை அரசு பிடிவாதம் பிடித்தது. அக்டோபர் 5 அன்று சயனைடு கடித்து அவர்களில் 12 பேர் இறந்தார்கள். சில நாள்களில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட அந்த நாள்களில் பலாலி, கொழும்பு, டெல்லி மூன்றுக்கும் இடையே என்னென்ன தந்திகள் போயின? அவற்றில் எவை பிரதமரின் மேசை வரை வந்தன?

அதே மாதம் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபின் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இருபக்கச் சூட்டில் சிக்கிய மரணங்கள் என்றது இந்தியத் தரப்பு. உயிர் தப்பியவர்களின் சாட்சியம் அப்படி இல்லை. பிரதமரிடம் இது பற்றி என்ன சொல்லப்பட்டது, அவர் திருப்பி என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறது. உயிர் விட்ட 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் வீடுகளுக்கும் அதே உரிமை உண்டு. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி சொன்னார். அதை இன்றும் வாதிடுகிறோம். படையை அனுப்பியவர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள் என்பது தெரியாமலே வாதிடுகிறோம்.

பழைய பேச்சுகளை வெளியிட்டால் அண்டை நாட்டு உறவு கெடும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2005 ஜூன் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். 1971 நவம்பர் 5 அன்று அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் வெள்ளை மாளிகையில் இந்திரா காந்தியையும் இந்தியர்களையும் எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள் என்பதை அமெரிக்க அரசே வெளியிட்டது. நாடே கொதித்தது. கிஸ்ஸிங்கர் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் வாஷிங்டனில் அணுசக்தி ஒத்துழைப்பை அறிவித்தார்கள். அமைச்சகத்தில் அமெரிக்கப் பிரிவின் இணைச் செயலாளராக அப்போது இருந்தவர் நீங்கள். உறவு கெடவில்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இன்னொன்று. கச்சத்தீவு பற்றி 1974 ஜூனில் வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங் தமிழ்நாட்டு முதல்வரிடம் பேசிய குறிப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2024இல் வெளியே வந்தது. ஏப்ரல் 1 அன்று நீங்களே செய்தியாளர்களிடம் அதை விளக்கினீர்கள். தேர்தல் நேரம் என்பதால் அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் ரகசிய உரையாடல் ஒன்று மக்கள் முன் வந்தது நல்லதுதான். 1974க்கு ஒத்து வந்தது 1987க்கும் ஒத்து வரும்.

சட்டமும் தடையாக இல்லை. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும் 25 ஆண்டுக் கணக்கைச் சொல்கின்றன. போர் ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்கும் கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்தபோது, அதைப் பரிந்துரைத்ததாகக் கார்கில் மறுஆய்வுக் குழுவைக் குறிப்பிட்டது. அந்தக் குழுவின் தலைவர் உங்கள் தந்தையார் கே. சுப்ரமணியம் அவர்கள். அவர் குழுவின் அறிக்கையே சில பகுதிகள் நீக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இங்கும் அப்படிச் செய்யலாம். உளவு சொன்னவர்களின் பெயர்கள் வேண்டாம், கறுப்பு மை பூசிக்கொள்ளுங்கள்.

உங்கள் அமைச்சகக் கோப்புகள் மட்டும் போதாது. பிரதமர் அலுவலகத்தின் குறிப்புகளும் சேர்ந்தால்தான் பேச்சின் இரு பக்கமும் தெரியும். அதற்கு நீங்கள் பிரதமரிடம் பேச வேண்டியிருக்கும். 1983 ஜூலை முதல் 1990 மார்ச் வரையிலான இலங்கைக் கோப்புகள் முழுவதையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, அதன் இணையதளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். டெல்லிக்கு வந்து படிக்க யாழ்ப்பாணத்து மனிதருக்கு வழியில்லை. எந்தக் கோப்பு எந்தத் தேதிக்குள் வரும், வராதது ஏன் வராது என்ற பட்டியலை அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் வைப்பீர்களா?

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்