மலைச் சாலையில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

வணக்கம்.

ஈரோட்டிலிருந்து இரண்டு பைக்கில் கிளம்பி பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, போடிமெட்டு என்று மலையைச் சுற்றிவிட்டு, நானும் தம்பியும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பார்க்கிறவர்கள் எல்லாம் "பொம்பளைப் பிள்ளை இத்தனை தூரம் வண்டி ஓட்டிட்டு வந்துட்டியே, பெரிய தைரியம்தான்" என்கிறார்கள். கேட்கும்போது சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாராட்டு முழுவதையும் நானே வாங்கிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. வழியில் நின்று, கை காட்டி, கையில் கிரீஸ் பூசிக்கொண்டு எங்களை அனுப்பி வைத்தவர்கள் பலர். அதில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஆழியாறு சோதனைச்சாவடியில் எங்கள் பைகளைப் பிரித்துப் பார்த்து, பாலித்தீன் கவர்களை வாங்கி வைத்துக்கொண்ட வனத்துறை அக்காவுக்கு முதல் நன்றி. "ஒன்பதாவது கொண்டையூசிகிட்ட வரையாடு நிக்கும். போட்டோ எடுத்துக்கோங்க, தின்ன மட்டும் ஒண்ணும் போட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். சொன்னபடியே நின்றது. நம் மாநில விலங்கை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. தடுப்புச் சுவரின் மேல் நான்கு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கீழே தெரியும் ஆழியாறு அணையைப் பார்த்தபடி நின்றிருந்தது.

அந்த 40 கொண்டையூசி வளைவுகளிலும் எதிரே இறங்கி வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் நன்றி. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய பேருந்தை வளைவுக்கு முன்னாலேயே ஓரம்கட்டி, "நீ வா" என்று கையை ஆட்டிக் கூப்பிடுகிற பொறுமையைச் சட்டம் கற்றுத் தராது. ஏறும்போது எங்களை யாரும் ஹாரன் அடித்து விரட்டவில்லை.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த காவலர்களை மறக்க முடியாது. மரத்துக்கு மரம் அவற்றுக்காகக் கட்டிய பாலங்கள் தலைக்கு மேலே தொங்குகின்றன. தரையில் இறங்கி வருபவற்றுக்கு நீங்கள்தான் பாலம்.

அடுத்து, வால்பாறைக்கு அப்பால் ஒரு எஸ்டேட் பிரிவில் எங்களை மறித்த பாட்டிக்கு. பொழுது சாய்ந்து, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். தங்குமிடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நடு ரோட்டுக்கே வந்து இரண்டு கையையும் விரித்தீர்கள். "யம்மா, வண்டிய ஆஃப் பண்ணு. லைட்டு எரியுது பாரு."

கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அது என்ன என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தேயிலைத் தோட்டமும் இடையிடையே சோலைத் துண்டுகளுமாக இருக்கிற வால்பாறை மேட்டு நிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைகள் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே தேயிலை வழியாகத்தான் நடந்தாக வேண்டும். அவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்று அங்கே வசிப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. முக்கியமான இடங்களில் இந்தச் சிவப்பு விளக்கு. யானையைப் பார்த்தவர் தன் செல்பேசியிலிருந்தே அதை எரிய வைக்கலாம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இது. இதை முன்னெடுத்த ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது பாட்டியின் விரித்த கைகள் மட்டும்தான்.

என்ஜினை அணைத்ததும் சத்தம் கேட்டது. தேயிலைச் செடி உரசுகிற சத்தம். பிறகு ஒரு பெரிய மூச்சு. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு தாய், அதன் வயிற்றை ஒட்டியபடி ஒரு குட்டி, அப்புறம் இன்னும் சில. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். எல்லாம் போன பிறகும் பாட்டி எங்களை விடவில்லை. "கடைசியா ஒண்ணு பின்னாடி வரும், இரு" என்றார். வந்தது. அதன் பிறகுதான் சாவியைத் திருப்பச் சொன்னார். பாட்டி, அந்த வளைவில் நாங்கள் வண்டியோடு திரும்பியிருந்தால் இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது. உங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லக்கூட விடாமல் "போயி சூடா எதாச்சும் சாப்புடுங்க" என்று விரட்டிவிட்டீர்கள்.

இனி மளுக்குப்பாறை காட்டுப் பாதை. சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைக் குறித்து, நேரம் போட்ட சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து வாழச்சால் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் காடு, பெரும்பகுதியில் சிக்னலும் கிடையாது. 2022இல் கபாலி என்ற ஆண் யானை எதிரே வந்ததால் ஒரு தனியார் பேருந்து 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே போனதும் இந்தச் சாலையில்தான்.

அங்கேதான் என் பின் டயர் இறங்கியது. என் ஹிமாலயன் பைக்குக்குக் கம்பிச் சக்கரம், உள்ளே ட்யூப். ட்யூப்லெஸ் டயர் மாதிரி வெளியிலிருந்தே பஞ்சர் ஒட்டிவிட முடியாது, சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். மாற்று ட்யூப் கையில் இருந்தது. ரிம்மை விட்டு டயர்தான் வரவே மாட்டேன் என்றது.

சாலக்குடியிலிருந்து மேலேறி வந்த கேரள அரசுப் பேருந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "சேச்சி, இவிடெ நிக்கண்டா. ஆன இறங்குன்ன ஸ்தலமா." பேருந்தில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வண்டியை விட்டுவிட்டு வர நாங்கள் தயங்கியதும் கோபப்படவில்லை. பயணிகள் காத்திருக்க, ஓட்டுநரும் இறங்கி வந்து, பைக்கை இரண்டு பக்கமும் பார்வை தெளிவாக இருக்கிற இடம் வரை தள்ளிக் கொடுத்துவிட்டு, எதிரே வருகிற முதல் ஜீப்பிடம் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, அனுப்பியும் வைத்தார்கள்.

ஜீப்பில் ஓட்டுநரோடு காடர் பழங்குடியைச் சேர்ந்த வனக் காவலர் ஒருவரும் வந்தார். வாழச்சால் பகுதிக் காடர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது 2014இல். அவர்கள் அந்தக் காட்டை அறிந்திருப்பது அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து. நாங்கள் வேலை செய்த நேரம் முழுக்க அவர் ஒரு முறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கில் புதரையே பார்த்தபடி நின்றார். அவர் நின்ற விதத்திலேயே எங்கள் கை நடுக்கம் நின்றுவிட்டது.

ஜீப் ஓட்டுநர் அண்ணன் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், நாலு பேருக்கு உதவும். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, டயரின் ஓரத்தில் தம்பியின் பல்சர் சைடு ஸ்டாண்டை ஊன்றி, வண்டியை மெதுவாகச் சாய்த்தார். 'டொப்' என்று ரிம்மிலிருந்து டயர் விட்டுக்கொடுத்தது. புது ட்யூபை உடனே போட விடவில்லை. இடுப்பிலிருந்த பழந்துணியை டயருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஓரிடத்தில் துணி சிக்கிக்கொண்டது. விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு ஒரு துண்டுக் கட்டுக்கம்பி. அதை எடுக்காமல் போட்டிருந்தால் அடுத்த ட்யூபும் போயிருக்கும். பிறகு ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து உருட்டாக்கி உள்ளே வைத்தார், நெம்புகோலில் மாட்டிக் கிழியாமல் இருக்க. பணத்தை நீட்டினேன். "காட்டுக்குள்ள இதுக்கெல்லாம் காசு வாங்குனா நல்லாருக்காது" என்று ஜீப்பை எடுத்துவிட்டார். வாழச்சால் சாவடி வரை எங்கள் பின்னாலேயே வந்தார்கள். எங்கள் சீட்டில் நேரம் தாண்டியிருந்ததை அங்கிருந்தவர்களிடம் அவர்களே விளக்கினார்கள்.

நேரியமங்கலம் தாண்டி மூணாறு ஏறும்போது நல்ல மழை. தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோட்டில் விழுந்த மண்ணை வழித்துக்கொண்டிருந்த ஜேசிபி ஓட்டுநருக்கும், சேற்றில் கால் புதைய நின்று இருசக்கர வண்டிகளை ஒவ்வொன்றாக விட்ட சாலைப் பணியாளர்களுக்கும் நன்றி. அந்தச் சாலையின் அழகை எல்லோரும் படம் எடுக்கிறோம். அதில் மண்வெட்டியோடு நிற்பவர்கள் படத்தில் விழாமல் பார்த்து எடுக்கிறோம். அது எனக்கு வருத்தம்.

கடைசியாகப் போடிமெட்டு இறக்கம். பாதி இறங்கியபோது தம்பியின் பின் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போய்விட்டது. காந்தல் வாடை. ஓரமாக நின்றிருந்த லாரியின் ஓட்டுநர், வயதானவர், நாங்கள் சொல்வதற்குள் புரிந்துகொண்டார். தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் ஓடி வந்து தடுத்தார். "ஊத்தாத தம்பி, டிஸ்க்கு கோணிக்கிரும். ஆயில் கொதிச்சுப் போச்சு, அதான் பெடல் நிக்கல. தானா ஆறட்டும்." ஆறும் வரை எங்களை உட்கார வைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் எப்படி ஏறுகின்றன, எங்கே அகலமாகத் திரும்பும், எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். "எந்தக் கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு அம்மணி. வண்டிய என்ஜின் புடிக்கணும், பிரேக் புடிக்கக் கூடாது." பெடல் திரும்ப இறுகியதைத் தானே காலால் மிதித்துப் பார்த்த பிறகுதான் போகவிட்டார். போடியில் ஆயிலை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் கடைத் தம்பியும் பொருளுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

வீட்டில் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், ராத்திரி ஒரு போன் வந்தால்தான் படுப்பேன் என்று உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

பேருந்து வந்த நேரத்தையும் நின்ற இடத்தையும் எழுதிச் சாலக்குடி பணிமனைக்கும், ஜீப்பில் வந்த காவலரைப் பற்றி வாழச்சால் வன அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டிருக்கிறோம். அவர்கள் பணிப் பதிவேட்டில் அது ஏறினால் எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. எஸ்டேட் பாட்டிக்கும் லாரிக்காரப் பெரியவருக்கும் முகவரி இல்லை. வால்பாறைப் பக்கமோ போடிப் பக்கமோ இதைப் படிக்கிறவர்கள் அடையாளம் தெரிந்தால், ஈரோட்டுக்காரப் பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மிக்க நன்றியுடன்,
அக்காவும் தம்பியும்
ஈரோடு