மெடிக்கல் லீவுக்கு நோயின் பெயர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஜவுளிக்கடை, நிதி நிறுவனம், தனியார் பள்ளி எனப் பல இடங்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. உடம்பு முடியாமல் லீவு போட்டால், சான்றிதழைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள். ஒருவருடைய ஓ.பி. சீட்டு அத்தனை பேர் போனிலும் உட்கார்ந்துகொள்கிறது. இது அநியாயம், உடனே நிற்க வேண்டும்.

லீவு தர நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியவை: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, திரும்பும்போது வேலைக்குத் தகுதியா, தவிர்க்க வேண்டிய வேலை ஏதும் உண்டா. "மருத்துவக் காரணத்தால் ஓய்வு தேவை" என்று தேதிகளோடு எழுதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், முத்திரை இருந்தால் போதும். டாக்டரிடம் அப்படியே கேட்டு வாங்குங்கள். சந்தேகம் வந்தால், சான்று அவர் கொடுத்ததுதானா என்று மட்டும் நிர்வாகம் ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். என்ன வியாதி என்று கேட்டால் டாக்டர் சொல்லக் கூடாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன.

அதிகம் காட்டிக்கொடுப்பது மருந்துச் சீட்டுதான். நோயின் பெயரே இல்லாவிட்டாலும், மாத்திரையின் பெயரைப் போனில் தேடினால் காசநோயா, மனநலச் சிகிச்சையா, குழந்தைப்பேறு சிகிச்சையா என்று தெரிந்துவிடும். ஓ.பி. சீட்டின் தலைப்பில் பிரிவின் பெயர் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய நோய்களெல்லாம் இருக்கும். இவற்றை லீவு விண்ணப்பத்தோடு இணைக்கவே வேண்டாம். குரூப் இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு இவை தேவைதான். அப்போதும் மேனேஜர் வழியாகப் போகாமல், இன்சூரன்ஸ் தரப்புக்கு நேரே அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அனுப்பினால், கண்ணெதிரே அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அரிசி ஆலையில் வலிப்பு வரும் ஒருவரை பெல்ட் ஓடும் இடத்திலோ உயரத்திலோ நிறுத்தக் கூடாது. அங்கேகூட மேஸ்திரிக்கு "இவரை அங்கே நிறுத்த வேண்டாம்" என்ற அளவு போதும். மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பக்கத்து ஆளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. யாரிடம் சொல்வதென்று அவரே முடிவு செய்யட்டும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். தாளில் மட்டும் இருக்கும் சான்று அதற்குள் வராது. போனில் படம் பிடித்ததும் வந்துவிடும். வேலை தொடர்பான தேவைக்குச் சம்மதம் இல்லாமலே விவரங்களைக் கையாள முதலாளிக்கு அதில் இடம் உண்டு. குரூப்பில் போடுவது எந்த வகையிலும் அந்தத் தேவை ஆகாது. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. நம்பிச் சொன்ன ஒருவரின் நிலையை, அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு அந்த வரம்பு இருபது.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியது எளிது. சான்று வாங்க ஒரே ஒருவரை நியமித்து, அதைத் தனி உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். வருகைப் பதிவேட்டில் "மருத்துவ விடுப்பு" என்று மட்டும் எழுதுங்கள். ஏற்கெனவே குரூப்பில் ஏறிவிட்ட சான்றுகளில் நீக்க முடிந்தவற்றை அட்மின் நீக்கட்டும். ஆனால் சேமித்தவர்கள் போனிலும் வேறு இடத்துக்கு அனுப்பிய பிரதியிலும் அது இருக்கும். ஆகவே எல்லோரும் அழிக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டும்.

தொழிலாளர் சட்ட ஆலோசகர்,
கும்பகோணம்.