எங்கள் வார்டுப் போலீஸ்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

"டிவியில் லண்டன் என்றாலே கத்திக்குத்து, கலவரம் என்றுதான் காட்டுகிறார்கள், நீங்கள் இருக்கும் இடம் எப்படி?" என்று போனில் கேட்டீர்கள். நாலு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நாங்கள் இருப்பது லண்டனின் வடமேற்கு ஓரம். இந்த மாநகரம் பரோ என்று சொல்லும் 32 நிர்வாகப் பகுதிகளாகவும், நடுவில் இருக்கும் பழைய சிட்டியாகவும் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பரோவுக்கும் ஒரு கவுன்சில். அதற்குக் கீழே வார்டுகள். டிவியில் காட்டுகிற லண்டன் வேறு, எங்கள் வார்டு வேறு என்று சொல்லிவிட முடியாது. இங்கேயும் வீடு புகுந்து திருடுகிறார்கள், போனைப் பறித்துக்கொண்டு எலெக்ட்ரிக் சைக்கிளில் பறக்கிறார்கள். ஆனால் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் யார் பதில் சொல்வது என்பது எங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்கு தைரியம் தருவது அதுதான்.

பழைய சிட்டியைத் தவிர லண்டன் முழுவதையும் பார்த்துக்கொள்கிற மெட்ரோபாலிட்டன் போலீஸ் 1829இல் தொடங்கியது. வார்டுக்கு வார்டு தனியாகச் சிலரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வந்தது மட்டும் 2004இல்தான். ஆரம்பத்தில் ஒரு சார்ஜென்ட், இரண்டு கான்ஸ்டபிள், மூன்று பி.சி.எஸ்.ஓ. என்று ஆறு பேர் இருந்தார்கள். பிறகு அரசு செலவைக் குறைத்தபோது அந்த ஆறு பேர் கரைந்துபோனார்கள். இப்போது வார்டுக்குக் குறைந்தது இரண்டு கான்ஸ்டபிளும் ஒரு பி.சி.எஸ்.ஓ.வும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சார்ஜென்ட் ஒருவர் பல வார்டுகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்.

பி.சி.எஸ்.ஓ. என்றால் யார் என்று கேட்பீர்கள். போலீஸுக்குத் துணையாக இருக்கும் சமூக உதவி அதிகாரி. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான வேலை அது. சீருடை உண்டு, தொப்பியைச் சுற்றி நீலப் பட்டை இருக்கும், போலீஸ்காரர்களைப் போலக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தெருவில் நடப்பது, நின்று பேசுவது, கேட்டதைக் குறித்துக்கொள்வது, இதுதான் முக்கிய வேலை. எங்கள் வார்டில் இருப்பவர் ஒரு பெண்மணி. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்தப் பார்க்கில் சாயங்காலம் பையன்கள் கூடுகிறார்கள், யார் வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: தெருவில் ரோந்து வரும் சாதாரண போலீஸ்காரர் யாரிடமும் இங்கே துப்பாக்கி இருக்காது. அதற்கென்று தனிப் படை இருக்கிறது. போலீஸ்காரரைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகாமல் குழந்தைகள் அவரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வார்டுக் குழுக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு விரிவாகவே சொல்லவேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை நூலகத்தில் நடக்கிறது. தலைமை தாங்குவது போலீஸ் அல்ல, வார்டில் வசிக்கும் ஒருவர். சார்ஜென்டும் கான்ஸ்டபிளும் எதிரே உட்கார்ந்து, போன கூட்டத்திற்குப் பிறகு எத்தனை வீட்டுத் திருட்டு, எத்தனை கார் திருட்டு, என்ன செய்தோம் என்று சொல்வார்கள். அப்புறம் நாங்கள் பேசவேண்டும். அடுத்த சில மாதங்களுக்கு இந்த வார்டில் எதை முதலில் கவனிப்பது என்பதைக் கூட்டத்தில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வழக்கமாக மூன்று விஷயம்.

அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்க்கவேண்டும்! கடைக்காரர், பட்டப்பகலில் பையை நிரப்பிக்கொண்டு போகிறார்கள், அதைத்தான் முதலில் பாருங்கள் என்பார். மூலை வீட்டுப் பாட்டி, பள்ளி வாசலில் கார்கள் பறக்கின்றன, ஒரு குழந்தை அடிபட்ட பிறகுதான் வருவீர்களா என்று கேட்பார். ஒரு இளம் தாய் ரயில் நிலையத்திலிருந்து வரும் சந்தில் இருட்டு என்பார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. சார்ஜென்ட் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். அடுத்த கூட்டத்தில் அதே தாளை எடுத்து, அன்று சொன்னது என்ன ஆயிற்று என்று வாசிக்கவேண்டும். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவேண்டும். சீருடை போட்டவர் ஒருவர் குடிமக்கள் முன்னால் அப்படிக் கணக்குச் சொல்வதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

போன கூட்டத்தில் பாட்டி கேட்டதுதான் ஜெயித்தது. அதற்காக ஒரு சனிக்கிழமை காலையில் போலீஸோடு சேர்ந்து எங்களில் சிலரும் சாலையோரம் நின்றோம். ஒளிரும் மஞ்சள் மேலாடையைக் கொடுத்தார்கள், வேகம் அளக்கும் கருவியைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். 20 மைல் வேகம்தான் அங்கே அனுமதி. அதைத் தாண்டுகிற வண்டியின் எண்ணை நாங்கள் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். அபராதம் கிடையாது, வண்டி உரிமையாளருக்குப் போலீஸிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போகும். லண்டன் போக்குவரத்து நிறுவனமும் போலீஸும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. எங்களைப் பார்த்ததுமே முக்கால்வாசிப் பேர் பிரேக்கை மிதித்தார்கள். சரி, நாங்கள் நின்ற அந்த நேரத்திலாவது சாலை ஒழுங்காக இருந்தது.

குறையும் இருக்கிறது அப்பா, அதையும் எழுதினால்தான் இது நேர்மையான கடிதம். நகரத்தின் நடுவில் பெரிய ஊர்வலம் என்றால் வார்டுக்காரர்களை அங்கே இழுத்துக்கொள்கிறார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். புகார் கொடுக்க நேரில் போகலாம் என்றால், பல ஸ்டேஷன்களின் வாசல் கவுண்டர்களை மூடிவிட்டார்கள். பரோவுக்கு ஒன்றாவது இரவும் பகலும் திறந்திருக்கும் என்று 2017இல் சொன்னார்கள். மூலை வீட்டுப் பாட்டியைப் போன்றவர்களுக்கு இணையத்தில் புகார் எழுதத் தெரியாது, அவர்களுக்கு அந்தக் கவுண்டர்தான் போலீஸ். அதை மூடியது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். 2023 மார்ச்சில் லூயிஸ் கேசி என்பவர் தந்த அறிக்கை இன்னும் கடுமையானது. இந்தப் போலீஸ் அமைப்புக்குள்ளேயே இனவெறியும் பெண் வெறுப்பும் ஊறியிருக்கின்றன என்று அதில் எழுதினார். அதைப் படித்த பிறகு என்னால் இவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. ஆனால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கியதே மெட் போலீஸ்தான். முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பேரனைப் பற்றியும் கேட்டீர்கள். பள்ளிக்குத் தனியாக பஸ்ஸில் போகிறான். தெருவில் நிறுத்திச் சோதனை போடும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு, கறுப்பினப் பையன்களையும் நம்மைப் போன்ற நிறமுள்ள பையன்களையும் அதிகமாக நிறுத்துகிறார்கள் என்ற மனக்குறை இங்கே பழையது. அதனால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: நிறுத்தினால் ஓடாதே, கோபப்படாதே. நிறுத்துகிறவர் தன் பெயரையும் ஸ்டேஷனையும் சொல்லவேண்டும், எதைத் தேடுகிறார், ஏன் உன்னைச் சோதிக்கிறார் என்று சொல்லவேண்டும். சோதனையைப் பற்றிய பதிவின் நகலைக் கேட்டு வாங்க உனக்கு உரிமை உண்டு. பதினான்கு வயதுப் பையனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான். ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அம்மாவுக்கு: நகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆசியக் குடும்பங்களில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்கு நன்றாகத் தெரியும், தீபாவளி சமயத்தில் போலீஸே வந்து எச்சரிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைக்கவேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் சொல்வது. பெரிய வங்கிகள் பல லாக்கர் வசதியை நிறுத்திவிட்டதால் தனியார் லாக்கரில் வைத்திருக்கிறோம். வீட்டுச் சாமான்களில் பூச ஒரு திரவம் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா விளக்கில் ஒளிரும். ஒவ்வொரு புட்டியிலும் இருப்பது தனி ரகம் என்பதால், திருட்டுப் பொருள் எங்கே பிடிபட்டாலும் யார் வீட்டுடையது என்று கண்டுபிடித்துவிடலாம். லேப்டாப்பிலும் சைக்கிளிலும் பூசியிருக்கிறோம்.

கவுன்சில் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்பையைப் பிரித்து வைக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனி நாள். தெருவிளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் அந்த எண்ணைச் சொன்னால் போதும். யாராவது இரவோடு இரவாகப் பழைய மெத்தையைத் தெருவில் போட்டுவிட்டுப் போனால் படம் எடுத்து அனுப்புகிறோம், சில நாளில் எடுத்துப் போகிறார்கள், சில சமயம் இரண்டு மூன்று முறை நச்சரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் கட்டும் கவுன்சில் வரி அதிகம்தான். வீடு எந்தப் பிரிவு என்பதை இன்றைக்கும் 1991 ஏப்ரல் மாத மதிப்பை வைத்தே முடிவு செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா! அந்த ரசீதில் போலீஸுக்குப் போகும் பங்கும் இருக்கிறது. மெத்தைக்கும் போலீஸுக்கும் நாம் கொடுக்கும் காசு ஒரே தாளில் இருப்பதால்தானோ என்னவோ, கேள்வி கேட்க இங்கே யாரும் கூச்சப்படுவதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது செய்திதான். வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போகும் உள்ளூர்ப் பத்திரிகை எங்கள் பகுதியில் நின்றுவிட்டது. இப்போது செய்தி என்றால் தெரு வாட்ஸ்அப் குழுதான். வெள்ளை வேனில் குழந்தை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் இரவு யாரோ போட, காலையில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. வார்டு கான்ஸ்டபிள் விசாரித்துவிட்டு, அது கேபிள் வேலைக்கு வந்தவர்களின் வேன் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை கடைசியில் பார்த்தோம். சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டார்கள், பல ஊர்களில் கலவரம் வெடித்தது. ஆகஸ்ட் 7 அன்று கலவரக்காரர்கள் லண்டனுக்கும் வருவார்கள் என்று பேச்சு. அன்று காலை எங்கள் வார்டுக்காரர்கள் கடை கடையாக, கோயிலுக்கும் மசூதிக்கும் நேரில் வந்து, நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடகிழக்கு லண்டனில் இருக்கும் வால்தம்ஸ்டோவில் அன்று சாயங்காலம் ஆயிரக்கணக்கான மக்கள் இனவெறிக்கு எதிராகத் தெருவை நிறைத்தார்கள். கலவரக்காரர்கள் வரவில்லை.

கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்து எழுத ஒரு நிருபர் இருக்கவேண்டும் என்பதற்காக, 2018 முதல் பிபிசி தன் பணத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு நிருபர்களைத் தருகிறது. பொதுமக்களும் போய் உட்காரலாம். பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் கவுன்சில் கூட்டங்களுக்குள் விடவேண்டும் என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அப்போது புதிதாக எம்.பி. ஆகியிருந்த மார்கரெட் தாட்சர். நீங்கள் அவரைத் திட்டிக் கேட்டிருக்கிறேன், ஆனால் இந்த ஒன்றுக்காக அவருக்கு நன்றி சொல்லலாம். நான் போய்க் கேட்டிருக்கிறேன். நூலகத்தின் நேரத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று இரவு வரை விவாதித்தார்கள். பார்வையாளர் வரிசையில் பாதி காலியாக இருந்தது, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நமக்கு இங்கே ஓட்டும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறையான விசாவோடு வசித்தால் கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு 2022 மே மாதக் கவுன்சில் தேர்தலில் நானும் போட்டேன். விரலில் மை இல்லை, பென்சிலால் சீட்டில் குறி போட்டுவிட்டு வந்தேன். கூட்டத்தில் போய்க் கேள்வி கேட்கிற துணிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

செப்டம்பரில் சித்தப்பா மகன் இங்கே படிக்க வருகிறான் இல்லையா, அவனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். உயிருக்கு ஆபத்து, கண்ணெதிரே குற்றம் நடக்கிறது என்றால் 999. அவசரமில்லாத புகாருக்கு 101, அதற்கும் காசு கிடையாது. 999க்கு மொபைலில் அழைத்துவிட்டுப் பேச முடியாத நிலை என்றால், இருமினாலும் தட்டினாலும் கேட்பார்கள். அதுவும் முடியாவிட்டால், அவர்கள் சொல்லும்போது 55ஐ அழுத்தவேண்டும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடம் பார்க்கக் கூடாது, சுவரோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட வேண்டும். வந்ததும் ஓட்டுக்குப் பெயரைப் பதிந்துவிடச் சொல்லுங்கள், விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்