விறகுப் பையில் இருக்கும் முத்திரை பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குளிர் தொடங்கிவிட்டால் கடையில் இரண்டு கேள்விகள் ஓயாமல் வரும். "பழைய நிலக்கரி ஏன் வைப்பதில்லை?" என்பது ஒன்று. "விறகுப் பையில் 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) முத்திரை இருக்கிறதே, எரிக்கலாம்தானே?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. முன்பு வீடுகளில் எரித்த சாதாரண நிலக்கரியைப் பையில் அடைத்து விற்பது இங்கிலாந்தில் 2021 மே 1-ஆம் தேதியோடு நின்றது. லாரியில் கொண்டுவந்து கொட்டும் கரிக்குக் கொடுத்த அவகாசமும் 2023 மே 1-இல் முடிந்தது. இப்போது எங்களிடம் இருப்பவை ஆந்த்ரசைட் என்ற, புகை குறைந்த கடின நிலக்கரியும், அச்சில் அழுத்திச் செய்த புகையில்லாக் கட்டிகளும். இந்தக் கட்டிகளில் கந்தகம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புகை மணிக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. பற்றிக்கொள்ளச் சற்று நேரமாகும், பிடித்துவிட்டால் நின்று எரியும்.

இரண்டாவதில்தான் சிக்கல். போன குளிர்காலத்தில் எங்கள் கடைப் பையனே ஒருவரிடம், "முத்திரை இருக்கு, தாராளமா எரிக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவரும் நான்கு பை வாங்கிப் போனார். அப்புறம் புகை பற்றி அவருக்குக் கவுன்சிலிலிருந்து (உள்ளாட்சி நிர்வாகம்) கடிதம் வந்தது. தவறு எங்களுடையது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த முத்திரை சொல்வது, விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதை மட்டும்தான். ஈர விறகு தன் சூட்டையே தண்ணீரை ஆவியாக்கச் செலவழிக்கும். புகை தாராகிப் புகைபோக்கியில் படியும். ஆனால் உங்கள் வீடு புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிக்குள், அதாவது புகைபோக்கிப் புகைக்குக் கவுன்சில் கட்டுப்பாடு வைத்த பகுதிக்குள் இருந்தால், நன்றாகக் காய்ந்த விறகையும் திறந்த கணப்பில் எரிக்க முடியாது. அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ரா ஒப்புக்கொண்ட ஸ்டவ் வேண்டும். புகைபோக்கியில் புகை வந்தால் 175 முதல் 300 பவுண்டு வரை தண்டம். தோட்டத்துப் பார்பிக்யூவுக்குத் தடையில்லை, பயப்படாதீர்கள்.

இந்தக் கெடுபிடி நேற்று வந்ததல்ல. 1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் இறந்தவர்கள் 4,000 பேர் என்பது அன்றைய கணக்கு. பிற்காலத்தில் அது இன்னும் கூடியது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1961 முதல் நாடெங்கும் காற்றை வடிதாள் வழியே இழுத்து, கறை எவ்வளவு கறுப்பு என்று பார்த்துப் புகையை அளந்தார்கள். இன்றைய கருவிகள் தேடுவது கண்ணுக்கே தெரியாத பிஎம் 2.5 துகள்களை, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசியை. அதன் ஆண்டுச் சராசரியை 2040-க்குள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைக்கச் சட்டமே இலக்கு வைத்திருக்கிறது. அதனால் விதிகள் தளரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறோம். புகையில்லாக் கரியிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. அலாரம் மாட்டாமல் எதையும் பற்றவைக்காதீர்கள்.

அடுத்த முறை வரும்போது ஸ்டவ்வின் மாடல் பெயரைப் படமெடுத்து வாருங்கள், டெஃப்ரா பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். உங்கள் வீடு புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறதா என்பதைக் கவுன்சில் சொல்லும். பொருந்தாத எரிபொருளை வாங்கியிருந்தால் மாற்றித் தருகிறோம். பையை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்