எல்லாமே பச்சையா இருந்தா எனக்கு பயமா இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல "நல்ல டீம் லீடர் ஆவது எப்படி" மாதிரி கட்டுரை வந்தா நான் விடாம படிக்கிற ஆளு. எல்லாத்துலயும் "டீம்ல ஒளிவு மறைவு இல்லாம பேசணும்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், யாரு வேணாம்னு சொன்னா, ஆனா அந்த வரியோட நிறுத்திட்டு அடுத்த பாயிண்டுக்கு தாவிடறாங்க. 11 வருஷமா டீம் நடத்தறவன்ங்கிற முறையில, அந்த ஒரு வரியைப் பத்தி மட்டும் கொஞ்சம் எழுதலாம்னு உக்காந்தேன். நீளமா போனா வெட்டிக்கோங்க.

என்னைக் கேட்டா, லீடர் மீட்டிங்ல என்ன பேசறார்ங்கறதை யாரும் அவ்வளவா கவனிக்கிறதே இல்ல. ஒருத்தர் கெட்ட செய்தியோட அவர் முன்னாடி வந்து நிக்கும்போது முதல் அஞ்சு செகண்ட்ல அவர் மூஞ்சி எப்படி போகுதுன்னு மொத்த டீமும் பாக்கும், பாத்து மனசுல குறிச்சு வச்சுக்கும்.

இது எனக்கு பட்டுதான் தெரிஞ்சுது. நாங்க சம்பளக் கணக்கு போடற சாஃப்ட்வேர் செய்யற டீம், திங்கக்கிழமை லைவ் போகணும், அதாவது கிளையன்ட் நிஜமாவே யூஸ் பண்ண ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடி வியாழக்கிழமை சாயங்காலம், வேலைக்கு சேர்ந்து 8 மாசமே ஆன ஒரு பொண்ணு என் சீட்டுக்கு வந்து "சார், மாச நடுவுல சேர்ந்தவங்களுக்கு ஓவர்டைம் ரெண்டு தடவை கூட்டுற மாதிரி தெரியுது"ன்னாங்க. நான் ஒரு மெயில் அடிச்சிட்டிருந்தேன், திரும்பிக்கூட பாக்கல, "இப்ப வந்து சொல்றீங்களே, முன்னாடியே பாத்திருக்க வேணாமா"ன்னேன். கத்தல, திட்டல, சத்தியமா சாதாரண குரல்லதான் சொன்னேன். அவங்க "சரி சார், நான் இன்னொரு தடவை செக் பண்றேன்"னு போயிட்டாங்க. அதுக்கப்புறம் அதைப் பத்தி பேச்சே இல்ல, நானும் கேக்கல. மாசக் கடைசியில கிளையன்ட்டே கண்டுபிடிச்சு போன் பண்ணாங்க, அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்களே ஊகிச்சுக்கலாம்.

அந்த தப்பை ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டோம், பெரிய விஷயமில்ல. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நாள் யாருமே பிரச்சனையை பிரச்சனையா இருக்கும்போது என்கிட்ட கொண்டு வரல, எல்லாம் முடிஞ்சு கருமாதி பத்திரிகை மாதிரிதான் வரும். அந்தப் பொண்ணு மட்டும் இல்ல, அன்னைக்கு பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த 4 பேரும் சேர்த்துதான். நான் பாட்டுக்கு தினமும் காலையில "ஏதாவது இஷ்யூ இருக்கா?"ன்னு கேப்பேன், "ஆல் குட் சார்"னு கோரஸா வரும், நம்ம டீம் சூப்பரா போகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஃபோர்டு கார் கம்பெனியில இதே கதைதான் பெரிய அளவுல நடந்துச்சு. 2006ல ஆலன் முலாலி அங்க தலைவரா வந்தார், அந்த வருஷம் மட்டும் கம்பெனிக்கு 1,200 கோடி டாலருக்கு மேல நஷ்டம். வாரா வாரம் வியாழக்கிழமை பெரிய ஆபீசர்கள் எல்லாம் தங்க தங்க வேலையை பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் போட்டு காட்டணும்னு ஏற்பாடு பண்ணார். பாத்தா எல்லாரும் பச்சை! கம்பெனி இவ்வளவு நஷ்டத்துல போகுது, நல்லா போகாததுன்னு ஒண்ணுமே இல்லையான்னு அவரே கேட்டுப் பாத்தார். கடைசியில மார்க் ஃபீல்ட்ஸ்னு ஒருத்தர், கனடா ஃபேக்டரியில இருந்து வரவேண்டிய புது வண்டி ஒண்ணுல பிரச்சனை, அதனால நிறுத்தி வச்சிருக்கோம்னு சிவப்பு கலர் காட்டினார். ரூம்ல இருந்தவங்க இவர் வேலை காலின்னு நெனச்சாங்களாம். முலாலி கை தட்டினார், தட்டிட்டு இவருக்கு யாரு உதவி பண்ண முடியும்னு சுத்தி இருந்தவங்ககிட்ட கேட்டார். அடுத்தடுத்த வாரங்கள்ல மத்தவங்க சார்ட்லயும் மஞ்சள், சிவப்பு எல்லாம் எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. அந்த மார்க் ஃபீல்ட்ஸ்தான் பின்னாடி 2014ல கம்பெனிக்கே தலைவர் ஆனார்ங்கறது தனி விஷயம்.

கை தட்டாட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு சேலஞ்சர் விண்கலத்தை பாருங்க. 1986 ஜனவரி 27 ராத்திரி, குளிர் ஜாஸ்தியா இருக்கு, ராக்கெட்டுல இருக்கற ரப்பர் வளையம் இறுகிப்போய் சரியா அடைக்காது, நாளைக்கு ஏவ வேணாம்னு அதை செஞ்ச கம்பெனி இன்ஜினியருங்க போன் மீட்டிங்ல தெளிவா சொன்னாங்க. நாசா பக்கத்துல முகம் சுளிச்சாங்க. உடனே கம்பெனி பெரியவங்க தனியா பேசி, இன்ஜினியருங்களை விட்டுட்டு அவங்க மட்டும் முடிவெடுத்து சரின்னு சொல்லிட்டாங்க. மறுநாள் கிளம்பின 73 செகண்ட்ல விண்கலம் சிதறிடுச்சு, உள்ள இருந்த 7 பேரும் போயிட்டாங்க. சொல்ற ஆளு இருந்தாங்க, தைரியமா சொல்லவும் சொன்னாங்க, கேட்டவங்களுக்குதான் அந்த பதில் பிடிக்கல.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்களை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல மருந்து குடுக்கறதுல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா, நல்லா நடக்கற டீம்லதான் தப்பு ஜாஸ்தியா பதிவாகியிருந்துச்சு. ஏன்னா அங்க தப்பை வெளிய சொல்ல யாரும் பயப்படல. இதை படிச்சப்ப என் டீமோட "ஆல் குட் சார்" ஞாபகம் வந்து சுருக்குன்னு இருந்துச்சு.

நான் பண்ணது ரெண்டே விஷயம். அந்தப் பொண்ணுகிட்ட எல்லாரும் இருக்கும்போது "அன்னைக்கு நீங்க சரியா சொன்னீங்க, நான் காது குடுக்கல, தப்பு என்னோடது"ன்னு சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடி மூணு நாள் தள்ளிப் போட்டேன், அவ்வளவு ஈகோ. அவங்க "பரவால்ல சார்"னு சிரிச்சாங்க, அப்புறம் அரை மணி நேரத்துல வேற ஒருத்தர் தனியா வந்து 2 வாரமா அமுக்கி வச்சிருந்த ஒண்ணை சொன்னார். இன்னொண்ணு, "இஷ்யூ இருக்கா"ன்னு கேக்கறதையே நிறுத்திட்டேன், அதுக்கு "இல்ல"ன்னு சொல்றது ரொம்ப ஈசி. இப்ப "இந்த வாரம் நம்ம காலை வாரிவிடப் போறது எது?"ன்னு கேக்கறேன், அதுக்கு ஆல் குட்னு பதில் சொல்ல முடியாது.

இடையில ஒண்ணு. "நான் மனசுல பட்டதை பட்டுனு சொல்ற ஆளு"ன்னு பெருமையா திரியற மேனேஜர்கள் இருக்காங்க இல்லையா, அதை நேர்மை லிஸ்ட்ல சேக்காதீங்க. அவங்ககிட்டயே திருப்பி ஒண்ணை பட்டுனு சொல்லிப் பாருங்க தெரியும். அதே மாதிரி வருஷம் பூரா "குட் ஜாப், குட் ஜாப்"னு சொல்லிட்டு அப்ரைசல் அன்னைக்கு மட்டும் குறையை எடுத்து வைக்கறவங்களும், சிரிச்ச மூஞ்சியோட பொய் சொன்னவங்கதான்.

லீடருக்கு எல்லாத்தையும் சொல்ற உரிமை இருக்காது, அதையும் ஒத்துக்கணும். ஆட்குறைப்புன்னு வதந்தி கிளம்பினா டீம் நம்ம மூஞ்சியைத்தான் பாக்கும். "எனக்கு தெரியாது"ங்கறது ஒரு பதில், "இன்னும் முடிவாகல"ங்கறது வேற, "தெரியும், ஆனா இப்ப சொல்ல முடியாது"ங்கறது வேற. இந்த மூணையும் போட்டு குழப்பி "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க"ன்னு சொன்னா, அடுத்த வாரம் நிஜமாவே ஒண்ணுமில்லாதப்ப சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்.

கடைசியா உங்களுக்கு ஒரு கோரிக்கை. பெரிய பெரிய அதிகாரிகளை பேட்டி எடுக்கும்போது வெற்றியோட ரகசியம் என்னன்னு கேக்கறீங்க இல்லையா, அதோட "உங்க கீழ வேலை பாக்கற ஒருத்தர் உங்களை தப்புன்னு சொன்னது கடைசியா எப்போ, அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"ன்னும் கேட்டு பதிலை அப்படியே போடுங்க. என்னைக் கேட்டா, போன செவ்வாய்க்கிழமை. நான் போட்ட பிளான்ல டெஸ்டிங்குக்கு நாளே இல்லன்னு சொன்னாங்க, சொன்னதும் என் மூஞ்சி சுருங்கிடுச்சுன்னு பக்கத்துல இருந்தவர் அப்புறம் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்