பந்தி விசாரிக்கும் அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆவணி பிறக்கப் போகிறது. ஆடி முழுக்கச் சும்மா கிடந்த அண்டாக்கள் வெளியே வரும், வளவு முற்றத்தில் எண்ணெய் காயும் வாசனை மூன்றாவது வீடு வரை போகும். என் மேசையில் இப்போதே ஏழு அழைப்பிதழ்கள். அந்த ஏழு வீட்டிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இலை இலையாகக் குனிந்து பார்த்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்கண்ணே" என்று சொல்லப்போகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல்.

நான் வெளியாள் இல்லை. இருபது வருடம் நானும் பந்தி விசாரித்தவன். அதில் எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர்கூட உண்டு. யார் இலையில் பணியாரம் தீர்ந்தது என்று பத்தடி தள்ளி நின்றே தெரிந்துவிடும். கையை வைத்து இலையை மறைத்தால், விரல் இடுக்கில் வைக்கத் தெரியும். அந்தக் காலத்து என்னைப் பற்றித்தான் பாதி எழுதப்போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் எடை 94 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். கடையில் கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போனால், அவர் முழங்காலை விட்டுவிட்டு நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். 108 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று கணக்காம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 6.3 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்திய நிலை, 6.5 ஆனால் நோயே. "நீங்க வாசப்படியில நிக்கிறீங்க" என்றார். மாத்திரை எழுதவில்லை. எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு, அதாவது ஆறரை கிலோ இறக்கிவிட்டு வரச் சொன்னார்.

அவசரக்காரன் நான். தெரிந்தவர் ஒருவர் விற்ற பொடியை வாங்கி, இரண்டு வேளை அதைக் கரைத்துக் குடித்தேன். நாற்பது நாளில் 6 கிலோ இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். பொடியை நிறுத்திய மூன்று மாதத்தில் 8 கிலோ ஏறியது. பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரைகிறது, திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுகிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பணம் போனது தனி.

அப்புறம்தான் நம் செட்டிநாட்டு ஆட்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு பேரேடு போட்டேன். வாய்க்குள் போவதையெல்லாம் பதினைந்து நாள் எழுதினேன். சோறுதான் பெரிய பற்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடையில் நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு கரண்டி சீனி, ஆகப் பத்துக் கரண்டி. கிட்டத்தட்ட 45 கிராம் வருகிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணெய்க் கணக்கு இதைவிட மோசம். வீட்டில் மூன்று பேர், மாதத்துக்கு 5 லிட்டர் டின் ஒன்று. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 27 கிராம்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிராம் அரிசிமாவில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 9. அதே வழிகாட்டியில் நாளைக்குக் காய்கறி 400 கிராம் என்று இருந்தது. என் பேரேட்டில் காய் என்ற பத்தியே காலியாகக் கிடந்தது. ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவலை நான் காயில் சேர்த்திருந்தேன்.

மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. டீ இரண்டாகி, சீனி அரைக் கரண்டியானது. மாலை மிக்சர் போய்ச் சுண்டல் வந்தது. எண்ணெய் டின் இப்போது ஐம்பத்தைந்து நாளாவது ஓடுகிறது. மதியம் முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டு அதற்குப் பிறகுதான் சோறு, அதுவும் பழைய அளவில் பாதி. இதற்காக ஓட்ஸையும் இலைதழைகளையும் தேடி நான் எங்கும் போகவில்லை. நம் சமையலிலேயே அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி இருக்கிறது, கீரை இருக்கிறது, தண்ணிக்குழம்பு என்று பெயரிலேயே சொல்லிவிட்ட குழம்பு இருக்கிறது. கோழியை வறுத்துத் தின்ன வேண்டும் என்று யார் சொன்னது, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசமாக வைத்தால் ஆகாதா? இரவு பலகாரம் ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்தது. சாப்பிட்டதும் வளவைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பேன், காலையில் ஊருணிக் கரையில் அரை மணி நேரம். பதினாறு மாதத்தில் 80 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரைச் சராசரி 5.8. நம் நாட்டுக் கணக்குப்படி என் உயரத்துக்கு இது இன்னும் கூடுதல்தான், எனக்குத் தெரியும். ஆனால் முழங்கால் இப்போது மாடிப்படியைப் பார்த்து முனகுவதில்லை.

சரி, இதில் பந்தி எங்கே வந்தது?

போன தை மாதம் எனக்கு ஒன்பது விசேஷம். கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு, புதுமனை என்று எல்லாம் சேர்ந்து. காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, நான்கு மணிக்கு இடைப்பலகாரம், இரவு பலகாரம். ஒரு வீட்டுக்குப் போனால் நான்கு பந்தி. அந்த மாதத்தில் 2 கிலோ ஏறியது, இறக்க மூன்று மாதம் ஆனது. தினமும் வீட்டில் என் இலைக்கு நானே எஜமான். பந்தியில் அப்படி இல்லை. பரிமாறுகிறவர் வைப்பதுதான் அளவு, வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை. தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதைப் பசிக்காரன் தீர்மானிக்காமல் பக்கத்தில் நிற்கிறவர் தீர்மானிக்கிற இடம் இது ஒன்றுதான்.

உபசாரம் நம் ஊரின் பெருமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உபசாரம் எந்தக் காலத்து உடம்புக்காக ஏற்பட்டது என்று கொஞ்சம் யோசிக்கலாம். எங்கள் ஐயா கட்டிய வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அப்பத்தா ஒரு நாளைக்கு எத்தனை தடவை முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்திருப்பார்கள்! குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்து இடுப்பில் வரும். மாவு உரலில் ஆடும். மகனுக்குக் கல்யாணமாகித் தனி அடுப்பாக வேறு வைத்தால், வருடத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். கொண்டுவிற்க ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன அப்பச்சிமார் கிட்டங்கி என்ற பொதுத் தங்குமிடத்தில் ஒரே அடுப்புச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். அன்றாடம் அளந்து தின்றவர்கள் விசேஷத்தன்று அளவில்லாமல் தின்றார்கள், அது நியாயம். இன்று வெள்ளைப் பணியாரம் தெருமுனைக் கடையில் தினம் மாலை ஐந்து மணிக்குக் கிடைக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி வரை காவடியோடு நடக்கிற கால்கள், ஊர் திரும்பியதும் பால் வாங்கக்கூட ஸ்கூட்டரில்தான் போகின்றன.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் தேவைக்கு மேல் எடை உள்ளவர்கள். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு என்றது. ஒரு பந்தியில் நூறு இலை போட்டால் எத்தனை இலைக்கு முன்னால் மாத்திரை போட்டவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் நம் வயதுக்காரர்கள்தான் அதிகம், அதனால் இன்னும் கூடவே இருக்கும்.

அந்த இலைகளில் ஒன்று எங்கள் சித்தப்பாவுடையது. பத்து வருடம் இருக்கும். அவருக்குச் சர்க்கரை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பால் பணியாரம் வந்தபோது இரண்டு கையையும் இலை மேல் விரித்து வைத்துக்கொண்டார். நான் விட்டேனா? "நம்ம வீட்டுக் கல்யாணத்துல சாப்புடாம எங்க சாப்புடுவீக சித்தப்பா, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கையை எடுத்தார். சாப்பிட்டார். அவர் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை, அடுத்த இலைக்குப் போய்விட்டேன். பிற்பாடு அவர் விசேஷங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். வந்தாலும் மொய் எழுதிவிட்டுக் காபியோடு கிளம்பிவிடுவார். எல்லோரும் அவரைக் கஞ்சன் என்றும் கர்வம் என்றும் பேசினார்கள், நானும் சேர்ந்துதான் பேசினேன். எனக்கு வாசப்படி வந்தபோதுதான் அந்த இரண்டு கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது" என்பது உண்மைதான். ஒன்பது விசேஷத்திலும் ஒன்பது பேர் அதையே சொன்னால்தான் ஆகிறது. இதே கணக்கு நல்ல பக்கமும் வேலை செய்யும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேர் ஏறக்குறைய முப்பது மாதத்தில் சர்க்கரைக்காரர்கள் ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேர். இதில் எனக்கு ஆச்சரியம், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, பழக்கம் மாறியதற்கே இந்தப் பலன். மெலிந்தால்தான் ஆச்சு என்று மனம் விட்டுப்போனவர்களிடம் இதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்பது: கையை வைத்து மறித்தால், அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கேளுங்கள், கேட்காவிட்டால்தான் குறை. இரண்டாம் தடவை வேண்டாம். உரக்க வேண்டவே வேண்டாம். "என்ன, டயட்டா?" என்ற நையாண்டியும் வேண்டாம், முக்கியமாகப் பெண்களிடமும் வளர்கிற பிள்ளைகளிடமும். குண்டாக இருக்கிற பெண்ணிடம் "சாப்புடு, வயசுதானே" என்று வைத்துவிட்டு, அவள் எழுந்து போனதும் உடம்பைப் பற்றிப் பேசுகிற ஆச்சிமாரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும்.

இன்னொன்று, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்தி ஆட்களை நிற்கவைப்பது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் பக்கம் ஆகும் என்கிறார்கள். நம் பந்தி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றால் எவன் மென்று தின்பான்? கயிறு கட்டியாவது வாசலில் நிறுத்துங்கள். ஆனால் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவரை மட்டும் மூன்றாம் பந்திக்கு நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரும். "ஊசிக்காரங்க முதல்ல வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தயங்கி நிற்கிற நாலு பேர் வருவார்கள்.

சமையல் மாஸ்டர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காயும் கூட்டும் சோற்றுக்கு முன்னாலேயே இலைக்கு வந்து சேரட்டும். இடைப்பலகாரத்தில் எண்ணெயில் பொரியாத உருப்படி ஒன்றாவது இருக்கட்டும். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சீனியும் நெய்யும் மிதக்கும் கவுனி அரிசியை இரண்டு கரண்டி வைத்து "இது மருந்துண்ணே" என்கிறார்கள். கறுப்பு அரிசிக்கு வேண்டுமானால் அந்தப் பெருமை உண்டு. சீனிக்கு எப்போது வந்தது?

பணியாரத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. கந்தரப்பம் இல்லாத கல்யாணத்துக்கு நானும் வரமாட்டேன்.

ஆவணி இரண்டாம் முகூர்த்தத்தில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். திருப்பூட்டு, அதாவது தாலிகட்டு, முடிந்ததும் இரண்டாம் பந்தியில் உட்காருவேன். சித்தப்பாவையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் சரி என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு வெள்ளைப் பணியாரம் வையுங்கள். காரச் சட்னியை மட்டும் நீங்கள் இஷ்டம்போல ஊற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களோடு முன்பு பந்தி விசாரித்த ஒருவன்,
காரைக்குடி.