பிளாக் கிரீக் கிராமத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால் நயாகரா, வொண்டர்லாண்ட் என்றுதான் ரொறன்ரோவில் நம்மவர்கள் கிளம்புகிறோம். ஜேன் - ஸ்டீல்ஸ் சந்திக்குப் பக்கத்திலேயே, பழைய குடியேறிகளின் வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகமான பிளாக் கிரீக் கிராமம் இருக்கிறது. பயனியர் வில்லேஜ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

1816இல் ஸ்டோங் குடும்பம் காடு வெட்டிக் குடியேறிய பண்ணை அது. அவர்கள் கட்டிய மரக்குற்றி வீடு இன்னும் நிற்கிறது. கொல்லுப் பட்டறை, அச்சுக்கூடம், 1842ஆம் ஆண்டின் நீர்ச்சக்கர மாவாலை எல்லாம் உண்டு. கிங்ஸ்டன் வீதியும் மிட்லாண்டும் சந்திக்கும் இடத்தில், நம் ஸ்காபுறோவில் இருந்த பழைய விடுதியையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

என் மகள் அங்கே ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்தாள். ஒரு சின்ன நூலுக்குக்கூட எவ்வளவு பாடு என்று விரல் வலிக்கத் தெரிந்துகொண்டாள். ஒரு கம்பளிச் சட்டைக்கு அந்த நாளில் ஒரு தாய் எத்தனை இரவு நூற்றிருப்பாள் என்று பிறகு கேட்டாள். பாடப்புத்தகம் படித்து அவள் அப்படிக் கேட்டதில்லை.

பிளாக் கிரீக் ஓடைக்கரையில் 15ஆம் நூற்றாண்டிலேயே பூர்வகுடிகளான ஹியூரன்-வென்டாட் மக்கள் ஊர் அமைத்துச் சோளம் பயிரிட்டார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
ஸ்காபுறோ